சொல்லாமல் விடப்படும் சாவுகள்: பறவைக் காய்ச்சலும் திருவண்ணாமலை வட்டாரமும்

2025 மார்ச் மாதத்தில், ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தது. மாதிரிகளைப் பரிசோதித்த புனே தேசிய வைராலஜி நிறுவனம், எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸே காரணம் என்று உறுதிசெய்தது. வீட்டில் கோழிக்கறி நறுக்கியபோது குழந்தை கேட்டதால் ஒரு பச்சைத் துண்டைக் கொடுத்ததாகப் பெற்றோர் சொன்னதாய்ச் செய்திகள் வந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் கோதாவரி மாவட்டங்களின் கோழிப்பண்ணைகளில் இதே வைரஸ் கண்டறியப்பட்டு, ஏராளமான பறவைகள் மடிந்தன, மடியாதவை அழிக்கப்பட்டன.

திருவண்ணாமலைக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஆந்திர எல்லைக்கும் நமக்கும் இடையே இருப்பது சில மணி நேர லாரிப் பயணம். முட்டையும் கோழியும் தீவனமும் இரு மாநிலங்களுக்கும் இடையே நாள்தோறும் போய்வருகின்றன. வலசைப் பறவைக்கோ எல்லையே கிடையாது. கோழிகளிடையே மாறிக்கொண்டே போகும் இந்த வைரஸ் மனிதருக்கு எவ்வளவு பெரிய ஆபத்து, அந்த ஆபத்தில் நம் ஏரிக்கும் வயலுக்கும் கொல்லைக்கும் பண்ணைக்கும் என்ன பங்கு, அதைத் தடுக்க யார் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைரஸ் மாறும் விதம்

இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளால் ஆனது. அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்னும் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. எச்5என்1, எச்9என்2 என்ற பெயர்களில் வரும் எண்கள் இவ்விரண்டின் வகைகளையே குறிக்கின்றன. முதல் புரதத்தைக் கொண்டு வைரஸ் செல்லில் ஒட்டி உள்ளே நுழைகிறது. பெருகிய புதிய வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேற இரண்டாவது புரதம் உதவுகிறது.

மாற்றம் இரண்டு வழிகளில் வருகிறது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவர் எழுதியதைச் சரிபார்க்காமல் விட்டால் ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். இந்த வைரஸின் படியெடுப்பும் அப்படிப்பட்டதுதான். அதன் மரபுப்பொருளைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் ஆற்றல் இல்லை. பிழைகளில் பெரும்பாலானவை வைரஸுக்கே பயன்படாமல் போகும். எப்போதாவது ஒன்று, புதியதொரு உயிரினத்தில் பெருகும் திறனை அதற்குக் கொடுத்துவிடும். இது சிறுகச் சிறுக நிகழும் மாற்றம்.

இரண்டாவது வழி திடீர் மாற்றம். இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் ஒரே நேரத்தில் புகுந்தால், எட்டுத் துண்டுகளும் கலந்து புதிய சேர்க்கை பிறக்கும். 1957ஆம் ஆண்டின் ஆசியக் காய்ச்சல் வைரஸில் மூன்று துண்டுகளும், 1968ஆம் ஆண்டின் ஹாங்காங் காய்ச்சல் வைரஸில் இரண்டு துண்டுகளும் பறவை வைரஸ்களிலிருந்து வந்தவை. எஞ்சிய துண்டுகள் ஏற்கெனவே மனிதரிடம் பரவிக்கொண்டிருந்த வைரஸுடையவை. ஆகவே பறவை வைரஸின் துண்டுகள் மனிதப் பெருந்தொற்றில் இடம்பெறுவது ஏட்டளவிலான ஊகம் அன்று. நடந்து முடிந்த வரலாறு.

இத்தனை ஆண்டுகளாக நம்மைக் காத்துவருவது எது? பறவை வைரஸ் ஒட்டுவதற்கு ஏற்ற சர்க்கரை மூலக்கூறு, பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் நிறைய உண்டு. மனிதருக்கோ அது பெரும்பாலும் நுரையீரலின் ஆழத்தில்தான் இருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் இருப்பது வேறு அமைப்பு. எனவே பறவை வைரஸ் மனிதரைத் தொற்றுவது அரிது. தொற்றினால் நுரையீரலின் அடியாழத்தைத் தாக்கி நோயைக் கடுமையாக்குகிறது. அங்கிருந்து இருமலிலும் தும்மலிலும் எளிதாக வெளியேறிப் பரவவும் அதனால் முடிவதில்லை. பறவையின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டியது. நம் மூக்கின் உட்புறமோ குளிர்ந்தது. இதுவும் வைரஸுக்கு ஒரு தடை.

இந்தத் தடைகள் நிலையானவை அல்ல. பி.பி.2 என்னும் புரதத்தின் 627ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால், பாலூட்டிகளின் உடலில், குறைந்த வெப்பத்திலும் வைரஸ் நன்கு பெருகுகிறது. 2012இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள், விரல்விட்டு எண்ணத்தக்க சில மாற்றங்களே எச்5 வைரஸை ஃபெரட் என்னும் கீரியை ஒத்த விலங்குகளிடையே காற்றில் பரவச் செய்யும் என்று காட்டின. 2024 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு, மாடுகளில் பரவிய எச்5என்1 வைரஸின் ஹீமக்ளூட்டினினில் 226ஆம் இடத்தில் நிகழும் ஒற்றை மாற்றம், மனித வகை மூலக்கூறில் ஒட்டும் தன்மையைக் கொடுக்கும் என்று கண்டது. பெருந்தொற்றுக்கு இந்த ஒரு மாற்றம் மட்டும் போதாது. ஆனால் இடைவெளி நாம் எண்ணியதைவிடக் குறுகியது என்பது தெளிவு.

பண்ணையின் பங்கு

காட்டு வாத்துகளின் குடலில் எச்5, எச்7 வகை வைரஸ்கள் பெரும்பாலும் அவற்றுக்குப் பெரிய தீங்கு செய்யாமலே வாழ்ந்துவந்தன. அவை கோழிக்கூட்டத்தில் புகுந்து கைமாறும்போதுதான் கடுமையடைகின்றன. ஹீமக்ளூட்டினின் புரதம் வெட்டப்படும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடினால், மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே பெருகிவந்த வைரஸ் எல்லா உறுப்புகளிலும் பெருகத் தொடங்கும். பண்ணை இரண்டொரு நாளில் காலியாகிவிடும். ஆயிரக்கணக்கில், ஒரே வயதில், ஒரே மரபில், நெருக்கியடித்து வளர்க்கப்படும் கோழிகள் வைரஸுக்கு முடிவில்லாத வாய்ப்புகளைத் தருகின்றன. ஒவ்வொரு தொற்றிலும் கோடிக்கணக்கான படிகள் பிறக்கின்றன. தொற்றும் கோழிகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஆபத்தான பிழை ஒன்று நிலைபெறும் வாய்ப்பும் கூடுகிறது.

1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் கண்டறியப்பட்ட எச்5என்1 வைரஸின் வழிவந்தவையே பின்னாளைய எச்5 வைரஸ்கள். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்றது. ஊரின் கோழிகள் அனைத்தையும் அழித்த பிறகே அது அடங்கியது. 2003 முதல் மீண்டும் தலைதூக்கி ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என விரிந்தது. 2003 முதல் 2025 வரை உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்ட மனிதத் தொற்றுகள் ஏறத்தாழ 990; இறந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். லேசாக நோயுற்றவர்கள் கணக்கில் வராமல் போயிருக்கக்கூடும் என்பதால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் சாதாரணக் காய்ச்சலோடு ஒப்பிட முடியாத கொடுமை இது.

2013இல் சீனாவில் தோன்றிய எச்7என்9 வேறொரு பாடம் கற்பித்தது. கோழிகளுக்கு அதனால் நோயே தெரியவில்லை. உயிர்க்கோழிச் சந்தைக்குப் போன மனிதர்கள்தாம் நோயுற்றார்கள். 1,500க்கும் மேற்பட்டோர் தாக்கப்பட்டு, 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செத்த கோழியைப் பார்த்துத்தான் எச்சரிக்கை அடைவோம் என்று காத்திருப்பது எப்போதும் கைகொடுக்காது என்பதே அந்தப் பாடம்.

2024 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டின் மடி இந்த வைரஸுக்கு உகந்த இடம் என்று அதற்கு முன் எவரும் எதிர்பார்க்கவில்லை. அந்நாட்டில் எழுபதை ஒட்டிய தொழிலாளர்களும் பிறரும் தொற்றுக்கு ஆளாயினர். பெரும்பாலோர்க்குக் கண் சிவந்ததோடு நின்றது. நம் நாட்டிலும் அது பாலூட்டிகளைத் தொடாமல் இல்லை. 2024 இறுதியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தாக்கி இறந்தன. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் அது கண்டறியப்பட்டது. பாலூட்டி உடலுக்குள் புகும் ஒவ்வொரு முறையும் வைரஸுக்கு ஒரு பயிற்சி வாய்ப்புக் கிடைக்கிறது.

இந்தியாவின் இருபது ஆண்டுகள்

இந்தியாவில் முதல் வெடிப்பு 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில். 2008இல் மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. கேரளத்தின் குட்டநாடு 2014, 2016, 2021, 2024 எனத் திரும்பத் திரும்ப அடிவாங்கியது. 2021 தொடக்கத்தில் இமாசலத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கு வருபவையும் இதே இனம்தான். அதே ஆண்டு ஜூலையில், ஹரியாணாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸில் இறந்தான். நாட்டில் பதிவான முதல் எச்5என்1 மனித மரணம் அது.

இந்த வரிசையில் பதிவான மனிதத் தொற்றுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. இங்கே குறிப்பிட்ட இரு குழந்தைகளுமே பெரிய மருத்துவமனையை எட்டியவர்கள், நுண்பரிசோதனைக்கு உட்பட்டவர்கள். காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வரும் கிராமத்து நோயாளியிடம், “வீட்டில் கோழி செத்ததா?” என்று கேட்கும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் இன்னும் வேரூன்றவில்லை. கேட்டால்தான் மாதிரி எடுக்கப்படும். எடுத்தால்தான் எண்ணிக்கை தெரியும்.

எச்9என்2 என்னும் தம்பி வைரஸையும் இங்கே கவனிக்க வேண்டும். இது இந்தியப் பண்ணைகளில் நிலையாகக் குடியேறிவிட்டது. கோழி சாவது குறைவு. முட்டை குறையும், தும்மல் வரும். இழப்பைப் பண்ணையாளர் பருவ மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவார். 2019இல் மகாராஷ்டிரத்தின் மேல்காட்டிலும், பின்னர் மேற்கு வங்கத்திலும் குழந்தைகள் இதனால் நோயுற்று மீண்டனர். 1997இன் எச்5என்1 வைரஸும் 2013இன் எச்7என்9 வைரஸும் தம் உள்துண்டுகளை எச்9என்2 வகை வைரஸ்களோடு பகிர்ந்துகொண்டவை. தானே பெரிய கொலையாளி இல்லாவிட்டாலும், பிற வைரஸ்களுக்குத் துண்டுகளைக் கடன் கொடுப்பதால் இது ஆபத்தானது.

ஏரியும் வயலும் கொல்லையும்

இனி நம் மாவட்டம். கோழி என்றால் நாமக்கல், பல்லடம் என்று கைகாட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. பெரிய பண்ணைகளில் வேலியும் கிருமிநாசினித் தொட்டியும் மருத்துவரும் உண்டு. பறவைக் காய்ச்சலின் வரலாறு காட்டும் சந்திப்பு இடங்கள் வேறு: காட்டுப்பறவையும் வளர்ப்புப் பறவையும் ஒரே தண்ணீரில் இறங்கும் ஊர்கள். திருவண்ணாமலை மாவட்டம் அப்படிப்பட்ட ஊர்களால் ஆனது.

தென்பெண்ணையின் சாத்தனூர் அணை தொடங்கி, செய்யாற்றுப் பாசனத்தில் நிறையும் ஏரிகள் வரை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் இங்கே நீர்நிலைகள் ததும்புகின்றன. வந்தவாசிக்குக் கிழக்கே அண்டை மாவட்டத்தில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும் அதே மாதங்களில்தான் இந்தியாவில் பறவைக் காய்ச்சல் அதிகம் தோன்றுகிறது.

ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் அறுவடை முடிந்ததும் வயலில் வாத்துக்கூட்டம் இறங்கும். சன்யாசி, கீரி என்று வடமாவட்டங்களில் பெயர்பெற்ற நாட்டு வாத்துகள் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ந்து ஊர் ஊராக நகரும். மேய்ப்பவர்களும் குடும்பத்தோடு கூடவே நகர்வார்கள். தாய்லாந்தில் நடந்த ஆய்வுகள், இதேபோல் நெல்வயலில் மேயும் வாத்துகளுக்கும் எச்5என்1 பரவலுக்கும் உள்ள நெருங்கிய தொடர்பை நிறுவியிருக்கின்றன. வாத்து பல வேளைகளில் நோய்க்குறி இல்லாமலே வைரஸைச் சுமக்கும், எச்சத்தில் கழிக்கும், சேற்றிலும் குளிர்ந்த நீரிலும் அது பல நாள் உயிர்த்திருக்கும். வாத்து மேய்ப்போரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. வைரஸ் முதலில் தாக்கக்கூடியது அவர்களைத்தான். கண்காணிப்பும் பாதுகாப்பும் முதலில் போய்ச்சேர வேண்டியதும் அவர்களிடம்தான்.

அடுத்தது கொல்லையில் திரியும் நாட்டுக்கோழி. பல வீடுகளில் பெண்களின் கையிருப்பு அதுதான். அவசரச் செலவுக்கும் விருந்துக்கும் முனீஸ்வரன் வேண்டுதலுக்கும் அதுவே கைகொடுக்கிறது. கோழிச் சீக்கு வந்தால் வெள்ளைக்கழிச்சல் என்றுதான் ஊரார் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அந்த நோய்க்கான தடுப்பூசியை அருகிலுள்ள இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. ஆண்டுதோறும் முகாம் நடத்திக் கால்நடை பராமரிப்புத் துறை இலவசமாகப் போடுகிறது. ஆனால் வெள்ளைக்கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, கழிச்சல், திடீர்ச் சாவு ஆகியவை இரண்டிலும் காணப்படும். பரிசோதனைக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். இறுதித் தீர்ப்பு போபால் உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்தினுடையது.

சாகக் கிடக்கும் கோழியை வீணாக்க மனமில்லாமல் அறுத்துக் குழம்பு வைப்பது ஏழை வீட்டின் இயல்பு. ஆபத்து அந்தக் குழம்பில் இல்லை. 70 டிகிரி வெப்பத்தில் நன்கு வெந்தால் வைரஸ் அழிந்துவிடும். அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும் குடலெடுப்பதிலும்தான் ஆபத்து. அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அருகில் குந்தியிருப்பது குழந்தை.

ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் நிலை வேறு. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. பல பண்ணைகளுக்கும் சென்றுவரும் லாரிச் சக்கரமும் கோழிக் கூடையும் எருச்சாக்கும் வைரஸுக்கு ஏற்ற வாகனங்கள். நோய் பற்றிச் சொன்னால் அடுத்த முறை குஞ்சு இறக்க மாட்டார்கள் என்று வளர்ப்பவர் அஞ்சினால், அந்த அச்சமும் நோய்ப்பரவலின் ஒரு காரணிதான்.

தமிழ்நாட்டில் மனிதரிடையே சாதாரண இன்ஃப்ளூயன்சா கூடுவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே உடலில் சந்திக்கும் வாய்ப்பு அந்த மாதங்களில் கூடுகிறது. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானோர் திரளும் ஊரும் இதுவே. கிரிவலம் வருவோர்க்குக் கோழியால் நோய் வரப்போவதில்லை. ஆனால் மனிதரிடையே பரவக் கற்றுக்கொண்ட புதிய காய்ச்சல் ஒன்று எங்கே பிறந்தாலும், அது விரைந்து வந்தடையும் ஊர்களில் நம் ஊரும் இருக்கும்.

இரண்டு வாதங்கள்

“1997இலிருந்து பயமுறுத்துகிறார்கள், பெருந்தொற்று வரவில்லையே” என்பது ஒரு தரப்பு. எச்5 வைரஸுக்கு மனிதரிடையே தங்குதடையின்றிப் பரவும் திறன் ஒருபோதும் கைகூடாது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. ஆனால் 1997இன் வைரஸும் இன்றைய வைரஸும் ஒன்றல்ல. அன்று சில நாடுகளின் கோழிகளில் இருந்தது. இன்று காட்டுப்பறவை, கடல்சிங்கம், கறவை மாடு வரை பரவியிருக்கிறது. வாய்ப்பு எவ்வளவு என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது. விளைவு எவ்வளவு என்பதை மட்டும் நாம் அறிவோம். 1918ஆம் ஆண்டின் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வாய்ப்புச் சிறிது, விளைவு பெரிது என்னும்போது முன்னெச்சரிக்கைதான் அறிவுடைமை.

இரண்டாவது வாதம் தடுப்பூசி பற்றியது. நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பதும் பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பதுமே இந்தியாவின் செயல்திட்டம். கடும் வகை வைரஸுக்குக் கோழித் தடுப்பூசியை இந்தியா ஏற்கவில்லை. எச்9என்2 வகைக்கு மட்டும் போபால் நிறுவனம் தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 2021-22இல் ஆயிரத்தைத் தாண்டியிருந்த பண்ணை வெடிப்புகள் 2023-24இல் பத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கின. ஆனால் பிரான்ஸ் தடுப்பூசியோடு இடையறாத பரிசோதனையையும் நடத்துகிறது. பரிசோதனை இல்லாத இடத்தில் தடுப்பூசி நோய்க்குறியை மட்டும் மறைத்து, உள்ளே வைரஸ் ஓசையின்றிச் சுற்ற வழிவிடும். முதலில் கண்காணிப்பை வலுப்படுத்தி, அதன்பின் தடுப்பூசி குறித்து முடிவெடுப்பதே நமக்குப் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது ஒன்று. வைரஸின் மாற்றத்தை நம்மால் நிறுத்த முடியாது. அது மாறுவதற்குக் கிடைக்கும் நாட்களை நம்மால் குறைக்க முடியும். முதல் கோழி செத்த நாளுக்கும் அரசுக்குத் தெரியும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் வைரஸின் மூலதனம். சொல்லாமல் விடப்படும் சாவு ஒவ்வொன்றும் அந்த மூலதனத்தைப் பெருக்குகிறது.

மக்கள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் நட்டம் என்பதால். அழிக்கப்படும் பறவைக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்கின்றன. ஆனால் அந்தத் தொகை சந்தை விலைக்கு நிகராகவும், தாமதமின்றியும், பத்துக் கோழி வைத்திருக்கும் பாட்டிக்கும் எட்டும்படியாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தப் பண்ணையில் நிறுவனத்துக்குக் கோழியின் விலை போவதுபோல், விவசாயிக்கு வளர்ப்புக் கூலியும் போக வேண்டும். வாத்து மேய்ப்போர் எந்த ஊரில் கிடை போட்டாலும் அங்குள்ள கால்நடை மருந்தகத்தில் பதிவுபெற்று, மாதிரி கொடுத்து, உதவி பெறும் முறை வர வேண்டும். பண்ணைத் தொழிலாளர்க்கும் கோழிக் கடைக்காரர்க்கும் மேய்ப்போர்க்கும் மழைக்காலத்துக்கு முன் சாதாரண இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட வேண்டும். ஒரே உடலில் இரண்டு வைரஸ்கள் கலக்கும் வாய்ப்பை அது குறைக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை, கடும் மூச்சுத்திணறலோடு வருபவரிடம் கோழி, வாத்துத் தொடர்பைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஓசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் மிகுந்த பயன் தரும். அந்தக் கேள்வி தாமதமானால் உயிர் போகும்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். முட்டையும் கோழிக்கறியும் நன்கு வேகவைத்துத் தாராளமாக உண்ணுங்கள். வீண் பீதியால் கோழி வளர்ப்பவரின் பிழைப்பைக் கெடுக்காதீர்கள். ஆனால் கொல்லையில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் திடீரென்று செத்தாலோ, ஏரிக்கரையில் காகமோ நாரையோ கூட்டமாக மடிந்து கிடந்தாலோ, வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். அறுக்காதீர்கள், விற்காதீர்கள், ஏரியில் வீசாதீர்கள். உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறை அது வெள்ளைக்கழிச்சலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பத்தாவது முறைக்காகவே நீங்கள் சொல்ல வேண்டும்.